கண்டம் கடந்த உலங்கு வானூர்திகள்



கண்டம் விட்டுக் கண்டம் செல்வது இன்று நமக்கு வியப்பூட்டும் செய்தியன்று. நம் குடும்பங்கள் யாவும் ஏதோ ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தவையே. மாலையில் விமானத்தில் ஏறி, உணவருந்தி, உறங்கி எழுந்தால் மறுநாட் காலையில் வேறொரு கண்டத்தில் இறங்கிவிடுகின்றோம். இடையிலே எத்தனை தீவுகளைத் தாண்டினோம், எவ்வளவு நீர்ப்பரப்பைக் கடந்தோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பறக்கும் ஊர்திகளுள் ஒன்றுக்கு மாத்திரம் இந்த எளிமை வாய்க்கவில்லை. அதுதான் ஹெலிகொப்டர் என்று நாம் பேச்சுவழக்கிற் கூறும் உலங்கு வானூர்தி. உலங்கு என்னும் சொல்லுக்குக் கொசு என்று அகராதிகள் பொருள் கூறுகின்றன. நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டு மிதக்கவும், நினைத்த பக்கம் திரும்பவும் வல்ல ஊர்திக்கு அப்பெயர் மிகப் பொருத்தமானதே. ஆயினும் கொசுவால் கடல் கடக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் காண இருக்கின்றோம்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் வாழ்ந்த நம் பெற்றோர் பலருக்கு இவ்வூர்தியின் ஓசை இனிய நினைவைத் தருவதன்று. அவ்வோசை கேட்டவுடன் பதுங்குகுழியை நோக்கி ஓடியவர்கள் இன்றும் வானத்தில் அது கேட்டால் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கின்றனர். அவர்களின் பிள்ளைகளோ அதே ஓசையை மருத்துவமனைக் கூரையில் நோயாளியைக் கொண்டுவந்து இறக்கும் ஊர்தியின் ஓசையாகவே அறிவர். கருவி ஒன்றுதான், அதை இயக்கும் கையும் அக்கைக்குரிய நோக்கமுமே வேறு. ஆகையால் இவ்வூர்தியை அச்சமின்றி அறிந்துகொள்வது நம் அனைவருக்கும் நன்மை பயக்கும்.

எவ்வாறு பறக்கின்றது?

சாதாரண விமானத்துக்கு அசையாத இறக்கைகள் உண்டு. அது தரையில் வேகமாக ஓடும்போது இறக்கைகளின் மீது காற்றுப் பாய்ந்து, அதனை மேலே தூக்குகின்றது. உலங்கு வானூர்தியோ ஓடவேண்டியதில்லை. அதன் தலைக்கு மேலே சுழலும் நீண்ட தகடுகளே அதன் இறக்கைகள். ஊர்தி நின்றாலும் இறக்கைகள் ஓடிக்கொண்டிருப்பதால் அது நின்ற நிலையிலேயே மேலெழுகின்றது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. இயந்திரம் தகடுகளை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, ஊர்தியின் உடல் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழல முற்படும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் விதியை உயர் வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். இதைத் தடுப்பதற்காகவே வாலில் ஒரு சிறு சுழலி பொருத்தப்படுகின்றது. ஒரு பெரிய சுழலியும் வாலில் ஒரு சிறு சுழலியும் என்னும் இவ்வமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இகோர் சிகோர்ஸ்கி. 1889 இல் கீவ் நகரிற் பிறந்த அவர், 1919 இல் அமெரிக்காவிற் குடியேறினார். அவர் அமைத்த வி.எஸ்-300 என்னும் ஊர்தி 1939 செப்டெம்பர் 14 ஆம் நாள் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது. பாதுகாப்புக்காக அது கயிறுகளாற் கட்டப்பட்டிருந்தது. புலம்பெயர்ந்து வந்த ஒருவர் தாம் குடியேறிய நாட்டுக்கு அளித்த பெருங்கொடை அது.

உலங்கு வானூர்தியைச் செலுத்துபவருக்கு ஓய்வென்பது அரிது. இடக்கையில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் எல்லாத் தகடுகளும் ஒருசேரச் சாய்ந்து ஊர்தி மேலெழும். வலக்கையில் உள்ள கோலைச் சாய்த்தால் ஊர்தி அத்திசையிற் செல்லும். கால்களின் கீழ் உள்ள மிதிகள் வாற் சுழலியைக் கட்டுப்படுத்தும். இரு கைகளும் இரு கால்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டும். தானாகச் செலுத்தும் கருவியில்லாத சிறிய ஊர்தியிற் கையை எடுத்துவிட்டு ஒரு வாய் உணவு உண்பதுங்கூடக் கவனமாகச் செய்யவேண்டிய செயலாகும்.

வலியறிதல்

திருக்குறளில் 48, 49, 50 ஆகிய அதிகாரங்களின் பெயர்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. மன்னன் ஒரு செயலை மேற்கொள்ளுமுன் தன் வலிமையையும், ஏற்ற காலத்தையும், ஏற்ற இடத்தையும் ஆராயவேண்டும் என்று வள்ளுவர் இவற்றில் வகுத்துரைக்கின்றார். கண்டம் கடந்த உலங்கு வானூர்திகளின் வரலாற்றை ஆராயும்போது, வெற்றி பெற்ற ஒவ்வொருவரும் இம்மூன்றையும் வழுவாது கைக்கொண்டதை நாம் காண்கின்றோம்.

முதலில் வலிமையை நோக்குவோம். நெடுந்தொலைவு செல்லும் பயணிகள் விமானங்கள் இடையில் இறங்காமற் பத்தாயிரம் கிலோமீற்றருக்கும் மேற் பறக்கின்றன. ஆனால் சிறிய உலங்கு வானூர்தி ஒன்று நிரம்பிய எண்ணெயுடன் 600 அல்லது 700 கி.மீ. சென்றால் இறங்கியே ஆகவேண்டும். இதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, விமானம் வேகமெடுத்துவிட்டால் அதன் அகன்ற இறக்கைகள் அதிகச் செலவின்றி எடையைத் தாங்குகின்றன. உலங்கு வானூர்தியிலோ ஊர்தியைத் தூக்கி நிறுத்துவதற்கே இயந்திரம் தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இடையறாது செலவிடுகின்றது.

இரண்டாவது, அதன் வேகத்துக்கு இயற்கையே எல்லை வகுத்துள்ளது. ஊர்தி மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் முன்செல்வதாகக் கொள்வோம். முன்னோக்கி வீசும் தகட்டின் மீது காற்று அந்த 200 கி.மீ. கூடுதலாகப் பாயும், பின்னோக்கி வீசும் தகட்டின் மீது அதே அளவு குறைவாகப் பாயும். வேகம் மேலும் கூடினால் பின்செல்லும் தகடு தூக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஊர்தி சமநிலை குலையும். எனவே பெரும்பாலான உலங்கு வானூர்திகள் மணிக்கு 300 கி.மீ. அளவைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது, எடை. தொலைவு செல்வதற்கு அதிக எண்ணெய் வேண்டும்; அதிக எண்ணெயைத் தூக்குவதற்கு அதிக ஆற்றல் வேண்டும்; அந்த ஆற்றலுக்கு இன்னும் அதிக எண்ணெய் வேண்டும். மென்மையான மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறிய உவமை வானூர்திக்கும் பொருந்துகின்றது.

இத்தனை குறைகள் உள்ள ஊர்தி எவ்வாறு கடலைக் கடந்தது? உலகப் படத்தை எடுத்து வட அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்குங்கள். கனடாவின் லப்ரடோர் கரைக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையில் கிறீன்லாந்தும் ஐஸ்லாந்தும் ஆற்றின் நடுவே கிடக்கும் கற்களைப் போலக் காட்சியளிக்கும். ஒரே தாவலில் ஆற்றைக் கடக்க இயலாத சிறுவன் கல்லுக்குக் கல் தாவிக் கடப்பதுண்டு. அவ்வழியையே உலங்கு வானூர்தியும் மேற்கொண்டது.

காலமறிதல்

1952 ஆம் ஆண்டு யூலை 15 ஆம் நாள், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ற்ஓவர் தளத்திலிருந்து இரண்டு உலங்கு வானூர்திகள் புறப்பட்டன. அவை சிகோர்ஸ்கி நிறுவனத்தின் எச்-19 வகையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஹொப்-அ-லோங் என்றும் மற்றதற்கு வேர்ல்-ஓ-வே என்றும் பெயரிட்டிருந்தனர். அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த கப்டன் வின்சென்ற் மக்கவர்ன், லெப்டினன்ற் ஹரோல்ட் மூர் ஆகியோர் அவற்றைச் செலுத்தினர். உலங்கு வானூர்திகளைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாகத் தாமாகவே பறந்து செல்லச் செய்ய இயலுமா என்று கண்டறிவது அவர்களின் நோக்கம்.

மெயின் மாநிலம், லப்ரடோரின் கூஸ் பே, கிறீன்லாந்தின் தென்முனையிலுள்ள நர்சர்சுவாக், ஐஸ்லாந்து, பின்னர் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ற்விக் என்பது அவர்களின் வழி. கூஸ் பேயிலிருந்து நர்சர்சுவாக்குக்கு ஏறத்தாழ 1,250 கி.மீ.; அங்கிருந்து ஐஸ்லாந்துக்கு 1,200 கி.மீ.; ஐஸ்லாந்திலிருந்து பிரெஸ்ற்விக்குக்கு ஏறத்தாழ 1,380 கி.மீ. இவ்வூர்தி வழமையாகச் செல்லக்கூடிய தொலைவைவிட இவை மிகக் கூடியவை. ஆகையால் மேலதிக எண்ணெய்த் தாங்கிகளை உள்ளே பொருத்தினர். மணிக்கு 130 அல்லது 140 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்திக்கு ஐஸ்லாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரையான கடற்பகுதி ஏறத்தாழப் பத்து மணிநேரப் பயணமாகும். கீழே குளிர்ந்த நீர். மேலே ஒரேயோர் இயந்திரம். நடுவே இறங்க இடமில்லை.

அவர்கள் யூலை 31 ஆம் நாள் பிரெஸ்ற்விக்கை அடைந்தனர். ஆகஸ்ற் 4 ஆம் நாள் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் இறங்கினர். அத்திலாந்திக்கைக் கடந்த முதல் உலங்கு வானூர்திகள் அவையே.

இங்கு மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கவேண்டும். புறப்பட்ட நாளிலிருந்து பிரெஸ்ற்விக்கை அடையும் வரை 17 நாள்கள். ஆனால் வானிற் பறந்த நேரம் ஏறத்தாழ 42 மணி மாத்திரமே. அதாவது இரண்டு நாளுக்கும் குறைவு. மீதிக் காலம் முழுவதும் தரையிலேயே கழிந்தது. வட அத்திலாந்திக்கில் கோடைகாலத்திலும் மூடுபனி இறங்கும். உறைநிலைக்குக் கீழுள்ள முகிலினுள் நுழைந்தால் தகடுகளிற் பனி படியும். தகடுகளின் வடிவம் மாறினால் அவை தூக்கும் ஆற்றலை இழக்கும். பெரிய விமானத்தைப் போல முகிலுக்கு மேலே ஏறித் தப்பவும் சிறு உலங்கு வானூர்தியால் இயலாது. ஆகவே வானம் தெளியும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மீன் வரும் வரை அசையாது நிற்கும் கொக்கை வள்ளுவர் காலமறிதலுக்கு எடுத்துக்காட்டினார். காத்திருந்த நாள்கள் வீணான நாள்கள் அல்ல என்பதை இப்பயணம் நமக்கு உணர்த்துகின்றது.

பதினைந்து ஆண்டுகளின் பின் வேறொரு முயற்சி நடந்தது. 1967 மே 31 ஆம் நாள் சிகோர்ஸ்கி எச்எச்-3ஈ வகை ஊர்திகள் இரண்டு நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் யூன் 1 ஆம் நாள் பாரிஸ் நகரை அடைந்தன. எடுத்த நேரம் 30 மணி 46 நிமிடம். 1927 இல் சார்ள்ஸ் லின்ட்பேர்க் தனியாக விமானத்தில் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் சென்றபோது அவருக்கு முப்பத்துமூன்றரை மணிநேரம் தேவைப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் உலங்கு வானூர்தி அவரையும் முந்திவிட்டது.

இறங்காமற் செல்ல எண்ணெய் எங்கிருந்து வந்தது? வானிலேயே வந்தது. எண்ணெய் சுமந்த பெரிய விமானங்கள் வழியில் ஒன்பது முறை அவற்றைச் சந்தித்தன. பெரிய விமானம் தன்னால் இயன்ற அளவு மெதுவாகவும், உலங்கு வானூர்தி தன்னால் இயன்ற அளவு விரைவாகவும் பறந்தால்தான் இரண்டும் சேர்ந்து செல்ல இயலும். விமானத்திலிருந்து நீண்டு தொங்கும் குழாயின் வாயிற் கூம்பு வடிவான கூடையொன்று இருக்கும். உலங்கு வானூர்தி தன் மூக்கிலிருந்து நீட்டிய குழலை அக்கூடையினுட் பொருத்தவேண்டும். சற்றுப் பிழைத்தால் குழாய், தலைக்கு மேற் சுழலும் தகடுகளில் மாட்டிக்கொள்ளும். இத்தகைய செயலை இரவும் பகலுமாக ஒன்பது முறை செய்துள்ளனர்.

இவ்வகை ஊர்திகள் மீட்புப் பணிக்காக அமைக்கப்பட்டவை என்பதையும் குறிப்பிடவேண்டும். 1945 நவம்பர் 29 ஆம் நாள் அமெரிக்காவின் கனெற்றிக்கட் கரையருகே, புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகொன்றிலிருந்து இருவரைச் சிகோர்ஸ்கி நிறுவனத்தின் உலங்கு வானூர்தி கயிற்றினால் தூக்கி மீட்டது. இத்தகைய மீட்புகளையே சிகோர்ஸ்கி தம் வாழ்நாளின் பெரும்பேறாகக் கருதினார்.

இடனறிதல்

கடலைக் கடந்தாயிற்று, உலகைச் சுற்ற இயலுமா என்பது அடுத்த வினா. 1982 ஆம் ஆண்டு இருவேறு முயற்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின.

அவுஸ்திரேலியரான டிக் சிமித் மின்னணுப் பொருள் வணிகத்திற் பெயர் பெற்றவர். அவர் பெல் ஜெற்றேஞ்சர் என்னும் சிறிய ஊர்தியில் 1982 ஆகஸ்ற் 5 ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட் வேர்த் நகரிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார். ஆகஸ்ற் 19 ஆம் நாள் லண்டனை அடைந்து, உலங்கு வானூர்தியில் அத்திலாந்திக்கைத் தனியாகக் கடந்த முதல் மனிதர் என்னும் பெயரைப் பெற்றார். ஒக்டோபர் 3 ஆம் நாள் தம் தாயகமான சிட்னியை அடைந்தார்.

அதே ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் நாள், 23 வயது இளைஞரான ரொஸ் பெரோ என்பவரும், அனுபவம் மிக்க வானோடியான ஜே கோபேர்ன் என்பவரும் டலஸ் நகரிலிருந்து புறப்பட்டனர். அவர்களின் ஊர்தி பெல் லோங்றேஞ்சர். ஸ்பிரிற் ஒவ் ரெக்சாஸ் என்பது அதன் பெயர். பின்னிருக்கைகள் இருந்த இடத்தில் எண்ணெய்த் தாங்கியை வைத்தனர். 29 நாள், 3 மணி, 8 நிமிடத்தில் உலகைச் சுற்றிச் செப்டெம்பர் 30 ஆம் நாள் டலஸ் திரும்பினர். உலகைச் சுற்றிவந்த முதல் உலங்கு வானூர்தி அதுவே. வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருட்சாலை அதனைப் பேணி வருகின்றது.

இவ்விரு பயணங்களிலும் மிகக் கடினமான இடம் வட பசிபிக் சமுத்திரம். யப்பானுக்கும் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளுக்கும் இடையே சோவியத் ஒன்றியத்தின் நிலப்பரப்பு வழியில் இருந்தது. அங்கே இறங்கி எண்ணெய் நிரப்பியிருந்தால் பயணம் எளிதாயிருக்கும். அது அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பகைமை நிலவிய காலம், அனுமதி கிடைக்கவில்லை. நிலம் இருந்தும் கால் வைக்க முடியாத நிலை.

என் செய்வது? தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்று இடனறிதலில் ஒரு கருத்து வருகின்றது. அவரவர்க்கு உரிய இடத்திலேயே வலிமை உண்டு என்பது அதன் பொருள். வானூர்திக்கு நடுக்கடலில் இடமில்லை. ஆனால் கப்பலுக்கு உண்டு. எனவே கப்பலின் மீது வானூர்திக்கு ஓர் இடத்தை ஆக்கிக்கொண்டனர். பெரோவும் கோபேர்னும் பிரசிடென்ற் மக்கின்லி என்னும் கொள்கலன் கப்பலில் இறங்கினர். காற்று வலுத்திருந்தது, அலைகள் கப்பலை உயர்த்தித் தாழ்த்தின. எழுந்து தாழும் தளத்தின் மீது ஏற்ற கணத்தில் இறங்கவேண்டும். கப்பலைத் தவறவிட்டால் திரும்பிச் செல்லப் போதிய எண்ணெய் இராது. அன்று அவர்களுக்குக் கப்பலே தீவாயிற்று.

டிக் சிமித் அவசரப்படவில்லை. 1983 மே 25 ஆம் நாள் சிட்னியிலிருந்து மீண்டும் புறப்பட்டார். அவரும் வட பசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டார். யூலை 22 ஆம் நாள் போர்ட் வேர்த் நகரில் தம் பயணத்தை நிறைவு செய்தார். ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியிற் பகுதி பகுதியாகச் செய்த பயணமாயினும், தனியொருவராக உலங்கு வானூர்தியில் உலகைச் சுற்றிய முதல்வர் என்னும் சிறப்பு அவருக்கே உரியது. விரைந்து சென்றவர்களுக்கு ஒரு பெருமை. நிதானமாகச் சென்றவருக்கு இன்னொரு பெருமை.

அனுமதி கிடைக்காத வானம் பழங்கதையன்று. உக்கிரேனில் 2022 இல் போர் விரிவடைந்தபின் ரசியாவின் வான்வெளி பல நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டது. பெரிய விமானம் சில மணிநேரம் சுற்றிச் செல்லலாம். சிறிய உலங்கு வானூர்திக்கோ ஒரு நாடு கதவடைத்தால் வழியே அடைபட்டுவிடும். இவ்வூர்தியின் பயணம் எப்போதும் பிறருடைய நல்லெண்ணத்தை நம்பியே நடைபெறுகின்றது.

விழுந்தும் எழுந்தவர்

இவ்வரலாற்றில் ஒரு பெண்மணியின் பெயரும் நிலைபெற்றுள்ளது. பிரித்தானியரான ஜெனிபர் மரே ஐம்பது வயதைக் கடந்த பின்னரே உலங்கு வானூர்தி செலுத்தக் கற்றுக்கொண்டவர். 1997 இல் குவென்ரின் சிமித் என்பவரோடு இணைந்து றொபின்சன் ஆர்-44 என்னும் நான்கு இருக்கைச் சிற்றூர்தியில் 97 நாள்களில் உலகைச் சுற்றினார். 2000 ஆம் ஆண்டில் அதே வகை ஊர்தியில் தனியாகவே உலகைச் சுற்றிவந்தார். உலங்கு வானூர்தியில் அச்செயலைத் தனியாகச் செய்த முதற் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது அறுபது.

பின்னர் தென் துருவத்தையும் வட துருவத்தையும் தொட்டு உலகைச் சுற்ற எண்ணினார். 2003 டிசெம்பரில் கொலின் பொடில் என்பவரோடு அந்தாட்டிக்காவின் மேற் பறந்துகொண்டிருந்தபோது நிலமும் வானமும் ஒரே வெண்மையாகிக் கண்ணுக்கு எதுவும் புலப்படாத நிலை உண்டாயிற்று. ஊர்தி பனியில் மோதி உடைந்தது. இருவரும் படுகாயமடைந்தனர், ஆயினும் மீட்கப்பட்டு உயிர் தப்பினர்.

பெரும்பாலோர் அத்துடன் நிறுத்தியிருப்பர். அவ்விருவரும் நிறுத்தவில்லை. 2006 டிசெம்பர் 5 ஆம் நாள் மீண்டும் புறப்பட்டனர். இரு துருவங்களையும் கண்டு, 2007 மே 23 ஆம் நாள், தொடங்கிய இடத்துக்கே நலமாகத் திரும்பினர்.

இயந்திரம் நின்றால்?

இயந்திரம் நின்றால் உலங்கு வானூர்தி கல்லைப்போல விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பனையோலைக் காற்றாடியைக் காற்றுக்கு எதிரே பிடித்தால் அது தானே சுழலும் என்பதை நம் பெற்றோர் அறிவர். அதுபோல, ஊர்தி கீழிறங்கும்போது கீழிருந்து மேலே வரும் காற்று தகடுகளைத் தொடர்ந்து சுழற்றும். தரையை நெருங்கும் வேளையிற் செலுத்துபவர் நெம்புகோலை உயர்த்தி, அச்சுழற்சியில் எஞ்சிய ஆற்றலைக்கொண்டு மெல்ல இறக்கலாம். இதனைப் பயிற்சிக் காலத்திலேயே மீண்டும் மீண்டும் செய்து பழகுகின்றனர்.

கடலின் மேல் இந்தத் திறமை மாத்திரம் போதாது. ஆகையால் நீர் புகாத தடித்த ஆடையை அணிந்தபடியே செலுத்துகின்றனர். குளிர்ந்த கடலில் அவ்வாடையின்றி விழுந்தால் சில நிமிடங்களிற் கைகால்கள் மரத்துவிடும். காற்று நிரப்பும் மிதவைப் படகு, இருக்குமிடத்தை அறிவிக்கும் வானொலிக் கருவி ஆகியவற்றையும் உடன் கொண்டுசெல்கின்றனர். வழியிலுள்ள ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஏற்ற எண்ணெய் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்யவேண்டும். சில நாள் பறப்பதற்குப் பல மாதம் கடிதம் எழுதி, கணக்கிட்டு, அனுமதி பெற்று ஆயத்தம் செய்கின்றனர்.

நமக்கு உரிய பாடம்

இப்பயணங்களை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகின்றது. கடலைக் கடந்த இந்த ஊர்திகளுள் எதுவும் கடலளவு வலிமை பெற்றிருக்கவில்லை. தம் எல்லை இவ்வளவுதான் என்று செலுத்தியவர்கள் அறிந்திருந்தனர். அந்த எல்லைக்குள் அடுத்த தரிப்பிடம் எங்கே என்று தேடினர். தரிப்பிடம் இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கினர். வானம் தெளியாத நாளிற் காத்திருந்தனர். தனியாகப் பறந்தவருக்குங்கூடத் தரையில் எண்ணெய் வைத்துக் காத்திருந்தவர்களும், கப்பலில் இடம் ஒதுக்கியவர்களும் துணையிருந்தனர்.

வார இறுதியில் இரண்டு மூன்று மணிநேரம் தமிழ் படித்து ஒரு மொழியைக் கற்றுவிட முடியுமா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வாரம் ஆறு நாளும் வேற்றுமொழியில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியக் கடல் மிகப் பெரிது. ஒரு வகுப்பில் அது செல்லும் தொலைவோ மிகச் சிறிது. ஆயினும் இவ்வார வகுப்பு ஒரு தரிப்பிடம்; அடுத்த வார வகுப்பு அடுத்த தரிப்பிடம். இடையிலுள்ள நாள்களில் வீட்டிற் பேசும் தமிழே எண்ணெய். அது நிரப்பப்படாவிட்டால் எந்த ஆசிரியரும் பிள்ளையை அக்கரைக்குக் கொண்டு சேர்க்க இயலாது. அது நிரப்பப்பட்டால், ஆண்டுகள் சில சென்றாலும், கரை தென்பட்டே தீரும்.

மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் உலகப் படத்தை விரித்து லப்ரடோர், கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய இடங்களை ஒரு கோட்டினால் இணைத்துப் பாருங்கள். பின்னர் உங்கள் பெற்றோர் பிறந்த ஊரிலிருந்து நீங்கள் வாழும் நகர் வரை, அவர்கள் தங்கிவந்த இடங்களைக் கேட்டு, இன்னொரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டிலும் தரிப்பிடங்கள் பல இருக்கும். ஒவ்வொன்றிலும் உதவியவர் ஒருவர் இருப்பார். அவர்களைப் பற்றி உங்கள் பெற்றோர் கூறுவதைத் தமிழிலேயே கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை நாம் மகிழ்வோடு வெளியிடுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்!